சிறு மென்பொருள் வணிகமும் அதன் வருங்கால வழியும்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் கணனித் துறையிற் புகுந்தோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவருட் பெரும்பாலோர் பிறர் நிறுவனங்களிற் கடமை புரிகின்றனர். சிலர் மட்டும் தாமே ஓர் அறையை வாடகைக்கு அமர்த்தி, இரண்டொரு உதவியாளரை வைத்துக்கொண்டு, மென்பொருள் எழுதி விற்று வருகின்றனர். அத்தகையோர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மைக் காண வந்திருந்தார். மருந்துக் கடைகளுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் வேண்டிய விற்பனைச் சிட்டை, இருப்புக் கணக்கு, கடன் கணக்கு ஆகியவற்றைச் செய்யும் மென்பொருளொன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர். அதனை முழுவதாக வாங்கிக்கொள்ளக் கொழும்பு நிறுவனமொன்று முன்வந்திருந்தது. உடன்படிக்கையின் நகலை மேசைமீது வைத்துவிட்டு, "சேர், இதை விற்கிறதோ, வைத்திருக்கிறதோ?" என்று கேட்டார்.

அன்று நாம் விடை கூறவில்லை. கூறத்தக்க விடை எம்மிடம் இருக்கவுமில்லை. அவ்வினாவின் பின் நாம் தேடிப் படித்தவற்றுட் சில அவரை ஒத்த ஏனையோர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண், விற்கப்படும் பொருள் யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். அரிசி ஆலையை விற்பவர் இயந்திரத்தையும் கட்டடத்தையும் காணியையும் விற்கின்றார். அவற்றை எண்ணலாம், அளக்கலாம். மென்பொருளோ கையிற் பிடிபடாதது. அது தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஆதலின் ஒருமுறை எழுதிவிட்டால் என்றும் பயன்தரும் சொத்து அதுவெனப் பலர் மயங்குவர். நிரல் மாறாதிருக்க, அதனைச் சூழ்ந்த உலகம் மாறிக்கொண்டே இருக்கின்றது என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். எமது நாட்டிற் பெறுமதி சேர் வரி 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 சனவரி முதலாந் திகதி 18 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. இறுதி மாற்றத்தின்போது அதுவரை வரிவிலக்குப் பெற்றிருந்த பொருள்கள் பலவும் அவ்விலக்கை இழந்தன. வரிக்குப் பதிவு செய்த கடையொன்றில், அம்மாற்றம் நடைமுறைக்கு வந்த காலையிற் கதவு திறக்கும்போதே சிட்டை சரியாக அச்சாதல் வேண்டும். அது பிழைத்தால் திணைக்களத்துக்கு விடை கூற வேண்டியவர் கடைக்காரர். கடைக்காரருக்கு விடை கூற வேண்டியவர் மென்பொருள் எழுதியவர். கடைக்காரர் மாதந்தோறும் கொடுக்கும் காசு, எழுதி முடிந்த நிரலின் விலையினும், இனி வரும் இத்தகைய காலைகளுக்கான காவற்கூலி என்றே சொல்லத் தகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. நூறு கடைகள் மாதம் 5,000 ரூபா வீதம் செலுத்துகின்றன. ஆண்டு வருவாய் 60 இலட்சம். வாடகை, மின்சாரம், உதவியாளர் இருவரின் சம்பளம், தரவுகளை வைத்திருக்கும் கணனிக்கான கட்டணம் ஆகிய எல்லாம் சேர்ந்து 36 இலட்சம். எஞ்சுவது 24 இலட்சம். உரிமையாளர் இதனை இலாபமென எழுதி வைப்பார். ஆயின் அவர் தமக்கெனச் சம்பளம் எதுவும் எடுப்பதில்லை. அவர் செய்யும் வேலையைச் செய்ய வேறொருவரை அமர்த்தினால் மாதம் 2 இலட்சம் கொடுக்க வேண்டிவரும். ஆண்டுக்கு 24 இலட்சம். அதனைக் கழித்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை. அவர் வைத்திருப்பது தமக்குத் தாமே தேடிக்கொண்ட ஓர் உத்தியோகம். அது இழிவன்று, நல்ல உத்தியோகங்கள் பல அதனினும் குறைந்த மனநிறைவையே தருகின்றன. ஆயினும் உத்தியோகத்தை எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை.

இதே வணிகத்தை, முன்னரே ஆயிரம் கடைகளுக்குச் சேவை செய்யும் பெரிய நிறுவனமொன்று வாங்குமாயின் கணக்கு மாறிவிடுகின்றது. அதற்குத் தனி அறையும் வேண்டியதில்லை. தனி உரிமையாளரும் வேண்டியதில்லை. நூறு கடைகளும் தன் ஆயிரத்தோடு சேரும்போது 60 இலட்சத்தின் பெரும்பகுதி அதற்கு இலாபமாகும். ஒருவர் கையில் வெறுமையாய் இருப்பது மற்றொருவர் கையிற் பெறுமதி பெறுகின்றது. ஆகவே வணிகத்தின் விலை யாது என்று கேட்பதற்கு முன், யாருக்கு என்று கேட்டல் வேண்டும். 1996 இல் இலங்கையில் தொடங்கப்பெற்ற மில்லேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனம் பங்குச் சந்தைகளுக்குரிய மென்பொருளை எழுதி வந்தது. 2009 இல் அதனை மூன்று கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது இலண்டன் பங்குச் சந்தை. அச்சந்தைக்குத் தன் பழைய முறைமையை மாற்றும் தேவை இருந்தது. 2011 இல் இலண்டனின் பங்கு வணிகமே மாலபேயில் எழுதப்பட்ட மென்பொருளின்மீது நடக்கத் தொடங்கியது. அந்நிறுவனம் நாம் பேசும் அளவிலும் மிகப் பெரியதே. எனினும் வாங்குவோரின் தேவையே விலையை நிறுத்துக் கொடுக்கும் தராசு என்பதற்கு இது நம் நாட்டுச் சான்று.

இத்துறையிற் கற்றறிய வேண்டிய பழங்கதை ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

1978 இல் டான் பிறிக்லின் என்பார் அமெரிக்காவின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்தார். அங்கே பேராசிரியர் கரும்பலகையில் நிரல்களும் நிரைகளுமாக எண்களை எழுதிக் கணக்கு விளக்குவார். இடையில் ஓர் எண் மாறிவிட்டால் அதனைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். வகுப்பறையிற் சுண்ணக்கட்டி பிடித்த எவருக்கும் இத்துன்பம் புதியதன்று. ஓர் எண்ணை மாற்றியவுடன் ஏனையவை தாமே மாறும் மாயக் கரும்பலகை ஒன்று இருந்தால் என்ன என்று அம்மாணவர் எண்ணினார். இன்று நாம் விரிதாள் என வழங்கும் கருவி அவ்வெண்ணத்திற் பிறந்தது. நண்பர் பொப் பிராங்ஸ்டன் நிரலை எழுதினார். பகலிற் கட்டணம் மிகுதியாதலின், பலரும் பகிர்ந்துகொள்ளும் பெருங்கணனியொன்றை இரவில் மலிவாகப் பயன்படுத்தி, ஆர்லிங்ரன் நகரில் ஒரு வீட்டின் மேன்மாடத்திலிருந்து அவ்வேலை நடந்தது. 1979 சனவரியில் இருவரும் சொப்ட்வெயார் ஆர்ட்ஸ் என்னும் நிறுவனத்தைப் பதிந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் விசிக்கல்க் என்ற பெயருடன் அப்பிள் 2 கணனிக்கு அது விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 100 டொலர் அளவில் இருந்தது. அதனைப் பயன்படுத்தும் பொருட்டே அதனினும் பன்மடங்கு விலையுள்ள கணனியை வாங்கினோர் பலர். ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பிரதிகள் விற்பனையாயின.

விற்பனையை அவர்கள் தாமே செய்யவில்லை. டான் பில்ஸ்ட்ரா என்பவரின் பேர்சனல் சொப்ட்வெயார் என்னும் பதிப்பகம் அதனை ஏற்றிருந்தது. அப்பெயர் பின்னர் விசிக்கோர்ப் என மாறிற்று. நிரல் எழுதியவருக்கு விற்பனைத் தொகையில் மூன்றிலொரு பங்கினும் சற்று மேலான உரிமைப்பணம், எஞ்சியது பதிப்பாளருக்கு. தொடக்கத்தில் எழுதிப் பார்ப்பதற்கு அப்பிள் கணனியை இரவல் கொடுத்தவரும் பதிப்பாளரே. அன்றைய நிலையில் இவ்வேற்பாட்டிற் குற்றங் காண்பது எளிதன்று. எழுதியவர்களிடம் கடைகளுடன் தொடர்பும் இல்லை. விளம்பரத்துக்குப் பணமும் இல்லை. நூல் எழுதுவோருக்கும் வெளியிடுவோருக்கும் இடையே வழங்கிவந்த முறையையே அவர்களும் கைக்கொண்டனர்.

இடறல் வேறோரிடத்தில் இருந்தது. நூல் அச்சாகியபின் எழுதியவரின் வேலை முடிந்துவிடும். மென்பொருளில் வேலை அப்போதுதான் தொடங்குகின்றது. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாட் கணனியை வெளியிட்டது. அதில் நினைவகம் பெரிது. விசிக்கல்க் அதற்கும் வந்தது. ஆனால் சிறிய கணனிகளுக்கு எழுதியதன் மறுபதிப்பாகவே வந்தமையால் அப்பெரிய நினைவகத்தின் பயனை முழுவதும் கொள்ளவில்லை. எழுதியவர்கள் வேறு கணனிகளுக்கான பதிப்புகளிலும், சமன்பாடுகளைத் தீர்க்கும் புதியதொரு மென்பொருளிலும் கை வைத்திருந்தனர். பதிப்பாளரோ வேறு திசையில் முதலீடு செய்துகொண்டிருந்தார். ஒருவரிடம் நிரல், மற்றவரிடம் சந்தை. இருவரும் ஒத்து நடக்கும்வரை வண்டி ஓடியது.

இவ்விடத்தில் மூன்றாமவர் ஒருவர் வருகின்றார். அவர் பெயர் மிச் கேப்போர். வரைபடம் வரையும் சிறு மென்பொருளை எழுதி அதே பதிப்பாளர் மூலம் விற்றுவந்தவர். ஆக, அவரும் ஒரு சிறு மென்பொருள் வணிகரே. அவர் தம் உரிமையைப் பதிப்பாளருக்கே பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு விற்று, உறவை அறுத்துக்கொண்டு வெளியேறினார். 1982 இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983 சனவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட 1-2-3 என்னும் விரிதாள் ஐ.பி.எம். கணனிக்கென்றே எழுதப்பட்டது, விரைவானது, வரைபடமும் வரைவது. அவ்வோராண்டிலேயே லோட்டஸின் விற்பனை 5 கோடியே 30 இலட்சம் டொலரை எட்டியது. விசிக்கல்க்கின் விற்பனை சரிந்தது.

அவ்வேளையிற் செய்யவேண்டியது நிரலைத் திருத்துதல். நடந்ததோ வழக்கு. புதிய பதிப்பை உரிய காலத்தில் தரவில்லையெனப் பதிப்பாளர் 1983 இல் ஆறு கோடி டொலர் இழப்பீடு கோரி எழுதியவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். அவர்களும் எதிர்வழக்குத் தொடுத்தனர். ஓராண்டு இவ்வாறு கழிந்தது. 1984 இல் இணக்கம் ஏற்பட்டபோது மீட்பதற்குச் சந்தை எஞ்சியிருக்கவில்லை. 1985 இல் சொப்ட்வெயார் ஆர்ட்ஸின் உடைமைகளை வாங்கியது லோட்டஸ். விசிக்கல்க் அத்துடன் நிறுத்தப்பட்டது.

இக்கதையைச் சொல்வோர் பலர், பிறிக்லின் காப்புரிமை பெறாது விட்டதையே பெருந்தவறாகக் கூறுவர். 1979 இல் அமெரிக்காவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது அரிதாயிருந்தது. அதற்கு வழி திறந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1981 இலேதான் வந்தது. காப்புரிமை இருந்திருந்தாலும், இரு கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அசையாதிருந்த நிலையை அது மாற்றியிருக்காது என்பதே எமது கருத்து. ஒரே பதிப்பாளருடன் தொழில் செய்த இருவருள், ஒருவர் சிறுபொருளை விற்றுக் கைகளை விடுவித்துக்கொண்டார். மற்றவர் பெரும்பொருளை வைத்திருந்தும், அதனைத் தனித்து விற்கவோ தனித்து வளர்க்கவோ இயலாதிருந்தார். உடன்படிக்கை எழுதிய நாளில், பிரிவு நேர்ந்தால் எது யாருக்கு என்னும் பகுதியைத் தெளிவாக எழுதியிருந்தால் 1983 வேறுவிதமாக அமைந்திருக்கக் கூடும். கூடும் என்றே சொல்கின்றோம். நடந்து முடிந்ததன் பின் அறிவுரை கூறுதல் எவர்க்கும் எளிது.

வளர்த்த லோட்டஸின் முடிவும் அறியத்தக்கது. நிறுவனம் பெருத்தபின், நிரல் எழுதுவதில் விருப்பங்கொண்ட கேப்போர் நாள்முழுவதும் நிருவாகத்திலும் கூட்டங்களிலும் செலவிட வேண்டியவரானார்; 1986 இலேயே தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு விலகினார். 1995 இல் ஐ.பி.எம். அதனை ஏறத்தாழ 350 கோடி டொலருக்கு வாங்கியது. 1-2-3 க்கான சேவை 2014 இல் நிறுத்தப்பட்டது. விசிக்கல்க்கை வீழ்த்திய 1-2-3 ஐ மைக்ரோசொப்ட்டின் எக்செல் வீழ்த்தியது. காரணமும் ஏறத்தாழ அதுவே. சாளர முறை வந்தபோது 1-2-3 பிந்திவிட்டது.

பிறிக்லின் என்ன ஆனார்? அதே 1985 இல் சொப்ட்வெயார் கார்டன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இம்முறை மேன்மாடத்து நண்பரும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. எழுதவிருக்கும் மென்பொருள் திரையில் எவ்வாறு தோன்றும் என்பதை முன்கூட்டியே காட்ட உதவும் சிறு கருவியொன்றை எழுதித் தாமே விற்றார். அது நன்றாக விற்பனையாயிற்று. பெருநிறுவனத்தை ஒருமுறை நடாத்தி இழந்தவர் சிறுமையைத் தெரிந்தே தேர்ந்தார் என்பதை நாம் குறித்துக்கொண்டோம். எமது மாணவரிடம் இதனைச் சொன்னபோது அவர் முகம் சற்று மலர்ந்தது.

சிறிதாகவே வைத்திருப்பதும் ஒரு வழி என்பதற்கு இக்காலத்துச் சான்று றிச்சர்ட் ஹிப் என்பவரின் எஸ்.கியூ.லைட். அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றுக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்த வேலையில் இருந்தபோது, தனியான தரவுக் கணனி நின்றுபோனாலும் தன் நிரல் நில்லாதிருக்க வேண்டும் என்ற தேவையால் 2000 ஆம் ஆண்டில் அவர் எழுதிய தரவுக் களஞ்சியம் அது. இன்று எமது சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் அது இருக்கின்றது. அதன் நிரலைப் பொதுவுடைமையாக உலகுக்கு விட்டுவிட்டார். எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளலாம். பின் வருவாய் எங்கிருந்து வருகின்றது? அதனை நம்பியிருக்கும் பெருநிறுவனங்கள் அது தொடர்ந்து பேணப்படுவதற்காகப் பணஞ் செலுத்துகின்றன. பேணுவோரோ ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும் தொகையினர். 2050 ஆம் ஆண்டுவரை பேணுவதாக வாக்கும் அளித்துள்ளனர். காவற்கூலி என்று நாம் மேலே சொன்னது இங்கே ஒளிவு மறைவின்றி நிற்கின்றது: நிரல் இலவசம், காவலுக்கே கூலி. இவ்வழி எல்லார்க்கும் ஒத்துவராது. மருந்துக்கடைச் சிட்டைக்கு அத்தகைய பெருந்தனவந்தர் அகப்படார்.

மூடிவிடுதல் என்னும் வழியையும் சொல்லாதிருக்கலாகாது. அதனைத் தோல்வியெனக் கருதிப் பலர் பேசவே கூசுவர். அதனால் வணிகம் ஆளில்லாத வீடுபோல மெல்லமெல்ல இடிந்து விழும். கடைக்காரர் அழைக்கும் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும், எடுப்பாரில்லை. முறையாக மூடுபவர் ஓராண்டுக்கு முன்னரேனும் அறிவித்தல் கொடுப்பார். ஒவ்வொரு கடையின் தரவையும், வேறு எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய வடிவில், உரியவர் கையில் ஒப்படைப்பார். மாற்று மென்பொருள் ஒன்றையும் சுட்டிக்காட்டுவார். இவற்றைச் செய்வதற்குப் பணம் வேண்டும். ஆதலால் மூடுவதென்றால், கையிற் காசு இருக்கும்போதே மூடல் வேண்டும்.

இனி எமது மாணவரின் உடன்படிக்கை. பெயர்களை மறைத்து அதனை இங்கே சுருக்கிக் கூற அவர் இசைந்தார். விலை மூன்று தவணையில் தரப்படும். முதற் தவணை கையொப்பமிடும் நாளில். மற்றிரண்டும், இரண்டு ஆண்டுகளின் பின்னும் கடைகளுள் ஐந்தில் நான்கு தொடர்ந்து நிலைத்தால் மட்டுமே. ஆனால் விற்றபின் கட்டணத்தைத் தீர்மானிப்பவர் வாங்கியவர். கட்டணத்தை இருமடங்காக்கினால் கடைகள் விலகும். விலகினால் தவணையும் இல்லை. பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் மற்றவரிடமுமாகப் பிரிந்து நிற்பதைக் காட்டி அவ்வாசகத்தைச் சிவப்பு மையாற் கோடிட்டோம். ஐந்தாண்டுகளுக்கு அதே துறையில் வேறு மென்பொருள் எழுதலாகாது என்னும் விதியும் இருந்தது. அவர்க்கு வயது 41. தெரிந்த தொழில் இது ஒன்றே. அதன்கீழும் கோடிட்டோம். உதவியாளர் இருவரைப் பற்றியோ, கடைக்காரரின் பழைய கணக்குகள் பற்றியோ உடன்படிக்கையில் ஒரு சொல்லுமில்லை. அங்கே கோடிடுவதற்கு வரியே இருக்கவில்லை; ஓரத்தில் எழுதிவைத்தோம்.

அவர் அதனை எடுத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரிடம் போனார். இடையில் தம் கடைகள் யாவற்றுக்கும் நேரிற் சென்று வந்ததாகவும் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வாறு ஒரு சுற்றாக அவர் போனது அதுவே முதன்முறை. மருந்துக்கடை முதியவர் ஒருவர், கடன் கொப்பியை எரித்துவிட்டு இந்தக் கணனியை நம்பியே இருப்பதாகக் கூறி, பெரிய நிறுவனம் வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டாராம்.

சென்ற மாதம் அவர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிய நகலில் நான்கு திருத்தங்கள் இருந்தன. தடைக்காலம் ஐந்திலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைய வேண்டும். தவணைக்காலம் முடியும்வரை கட்டணம் உயரலாகாது. உதவியாளர் இருவரும் வேலையில் வைத்திருக்கப்பட வேண்டும். கடைக்காரர் கேட்கும்போது அவர்தம் தரவு எளிய வடிவில் கொடுக்கப்பட வேண்டும். முதல் மூன்றுக்கும் இசைவு வந்துவிட்டது. நான்காவதற்கு, இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும்வரை விடை வரவில்லை. அது வராமற் கையொப்பமிடுவதில்லை என்று அவர் எழுதியிருக்கின்றார்.